கொடுப்பதும் தொண்டு செய்வதும்: சபையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமச் சேகரத்தின் (ஒரே ஆயரின் கீழுள்ள சபைகளின் தொகுதி) சேவைக் குழுவில் பல வருடங்களாகச் செயலாளராக இருக்கிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது, கல்யாண வீட்டுப் பந்தியில், பஸ் ஸ்டாண்டில் என்று எங்கே பார்த்தாலும் என்னிடம் அதே இருபது சொச்சம் சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். எல்லாம் நல்ல கேள்விகள். அவசரத்தில் அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்புவது எனக்கு உறுத்தலாக இருந்ததால் எழுதி வைத்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

காணிக்கை, தசமபாகம், தருமம்… மூணும் ஒண்ணுதானே அண்ணாச்சி? எதுக்குத் தனித்தனி கவர்?

போகிற இடம் வேறு, அதனால்தான். தசமபாகம் என்பது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. எங்கள் சேகரத்தில் அது ஊழியர் சம்பளம், கரண்ட் பில், ஆலயப் பராமரிப்பு போன்றவற்றுக்குப் போகிறது. ஸ்தோத்திரக் காணிக்கை நன்றிக்காகப் படைப்பது: பிள்ளை பாஸாகிவிட்டது, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, மகளுக்கு வரன் அமைந்தது என்று. தரும நிதி ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் மட்டும்.

கவரில் ‘தருமம்’ என்று எழுதியிருந்தால் அந்தக் காசில் மைக் செட் வாங்கக்கூடாது. எங்களுக்கு இதில் விட்டுக்கொடுப்பு கிடையாது. எவ்வளவு நெருக்கடி வந்தாலும் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குக் கைமாற்று எடுப்பதில்லை.

தசமபாகம்னா பிடித்தம் போக கையில வர்ற சம்பளத்துலயா, மொத்தச் சம்பளத்துலயா?

வேதாகமத்தில் தசமபாகம் தானியத்திலும் திராட்சரசத்திலும் எண்ணெயிலும் மந்தையிலும் கொடுத்தது. சம்பளச் சீட்டும் பி.எஃப். பிடித்தமும் அதில் இல்லை. ஆகவே இதற்கு வசனம் காட்டி ஒரே விடை சொல்ல என்னால் முடியாது. இரண்டு விதமாகவும் கொடுக்கிறவர்கள் எங்கள் சபையில் இருக்கிறார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை.

ஆனால் ஒன்று சொல்வேன். ஒற்தலாமிலும் (புதினா) வெந்தயத்திலும் சீரகத்திலும்கூடத் தசமபாகம் எண்ணிக் கொடுத்துவிட்டு, நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டவர்களைத்தான் இயேசு கடிந்துகொண்டார் (மத்தேயு 23). பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது ‘விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல’ என்கிறார். கணக்குப் போடும்போது மனசு கசக்கிறது என்றால் தொகையைக் குறைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. வீட்டு வேலைக்கு வருகிறவரின் சம்பளத்தைப் பாக்கி வைத்துவிட்டுத் தசமபாகம் சரியாகக் கட்டுவதுதான் சரியில்லை.

எங்கிட்ட கொடுக்க ஒண்ணுமே இல்லையேப்பா. நான் என்ன செய்ய?

இதை அதிகம் கேட்பவர்கள் வயதான அம்மாக்கள். கேட்டுவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையைப் பார்ப்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது கைப்பிடி அரிசி. உலை வைப்பதற்காக அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனிச் சட்டியில் போடுவது. ஒரு வாரத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துவிடும். ஞாயிறன்று தூக்குச்சட்டியில் கொண்டுவந்து கோயில் அண்டாவில் கொட்டுவார்கள். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பாட்டி, அம்மா, மகள் என்று வழிவழியாக வருகிற பழக்கம் இது. மிசோரம் சபைகளிலும் 1910 முதல் இதே வழக்கம் இருக்கிறது. சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்தே அங்கே பெரும் ஊழியங்களை நடத்துகிறார்கள்.

சின்னக் காசு எதற்கு ஆகும் என்று நினைக்க வேண்டாம். 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் நண்பர்களும் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்திய ஊழியர், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. இப்போது தெலங்கானாவில் இருக்கும் தோர்ணக்கல்லுக்குத் திருநெல்வேலி சபைகளின் காணிக்கையில்தான் ஊழியர்கள் போனார்கள். கொடுத்தவர்களில் பலர் பனையேறிகளும் கூலிக்காரர்களும். அதையெல்லாம் படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும்.

அந்த அரிசியை அப்படியே ஏழைங்களுக்குக் கொடுத்தா என்ன? எதுக்கு ஏலம் போடுறீங்க?

அண்டாவுக்குள் ஒரு தடவை கையை விட்டுப் பாருங்கள். ஒரு வீட்டுப் பொன்னி, ஒரு வீட்டு இட்லி அரிசி, ஒரு வீட்டு ரேஷன் அரிசி, நடுவில் ஒரு பிடி பச்சரிசி. ஒரே பானையில் போட்டால் ஒன்று குழைந்துபோகும், இன்னொன்று நறுக்கென்று நிற்கும். மாவுக்கும் கஞ்சிக்கும் கோழித் தீவனத்துக்கும் ஆகும் என்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஏலத்தில் வரும் பணத்தில் ஒரே ரக அரிசி வாங்கிச் சுத்தமான பையில் போட்டுக் கொடுக்கிறோம்.

கலந்த அரிசியைக் கொடுத்தால் வாங்குகிறவர் வீட்டு அடுப்பில் தினமும் அது ‘தரும அரிசி’ என்று தெரிந்துகொண்டே இருக்கும். அது வேண்டாம் என்பதற்காகத்தான் இத்தனை மெனக்கெடுவது.

அறுப்பின் பண்டிகையில ஒரு முருங்கைக்காயை ஏலத்துல ஐந்நூறு ரூபாய்க்கு எடுக்காங்களே, அது வீண் பெருமை இல்லையா?

பெருமைக்காக எடுப்பவரும் இருக்கலாம். மனசுக்குள் போய்ப் பார்க்க முடியாது. ஆனால் அந்தக் காயைக் கொண்டுவந்து வைத்தவர் தன் கொல்லையில் முதல் காய்ப்பைப் பறித்துக் கொண்டுவந்திருப்பார். ஏலத்தில் விலை ஏற ஏற அவர் முகத்தைப் பாருங்கள். எடுத்தவர் அதைத் திரும்பக் கோயிலுக்கே கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வதும் உண்டு. முதல் முட்டை, முதல் வாழைத்தார், முதல் பதநீரில் காய்ச்சிய கருப்பட்டி எல்லாம் வரும். எனக்கு வருடத்தில் மிகவும் பிடித்த நாள் அது.

பெரிய தொகை கொடுத்தா பேரைக் கல்லுல வெட்டுவீங்களா?

எங்கள் தரும நிதிக்கு இல்லை. ரசீது உண்டு, கணக்குப் புத்தகத்தில் பெயர் உண்டு, சபையில் வாசிப்பது கிடையாது. வலதுகை செய்கிறதை இடதுகை அறியக்கூடாது என்று சொன்னவரின் ஆலயத்தில், மின்விசிறி இறக்கையில் பெயர் எழுதி அது தலைக்கு மேல் சுற்றுவது எனக்கு ஒப்பவில்லை. சில சபைகளில் நினைவுக்காகப் பெயர் பொறிக்கிறார்கள். இறந்துபோன தாய் தகப்பன் நினைவாக என்றால் அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது. உதவி வாங்குகிறவர் கண்ணில் படும் பொருளில் மட்டும் வேண்டாம். சக்கர நாற்காலியின் முதுகில் கொடுத்தவர் பெயர் இருந்தால், உட்கார்ந்திருப்பவர் அதைச் சுமந்துகொண்டு ஊரெல்லாம் போகவேண்டியிருக்கும்.

காசு இல்ல, நேரம் இருக்கு. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் வந்தா போதுமா?

தாராளமாகப் போதும், ஆனால் தவறாமல் வரவேண்டும். வாரத்துக்கு ஒருநாள் முழுக்க வருகிறேன் என்று சொல்லி மூன்றாம் வாரம் காணாமல் போகிறவரைவிட, மாதம் ஒரு ஞாயிறு சொன்ன நேரத்துக்கு வருகிறவர்தான் குழுவைத் தாங்குகிறார். படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு தாத்தா, நாம் வருவோம் என்று காலையிலேயே சவரம் செய்துகொண்டு காத்திருப்பார். வராமல் போனால் நாம் மறந்துவிடுவோம், அவர் மறக்க மாட்டார்.

எருசலேம் சபையில் பந்தி விசாரிப்பதில் விதவைகளுக்குள் குறை வந்தபோது, அதற்காகவே ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள் (அப்போஸ்தலர் 6). நற்சாட்சி பெற்றவர்கள், ஆவியும் ஞானமும் நிறைந்தவர்கள் என்று தகுதி சொல்லித் தெரிந்தெடுத்தது சாப்பாடு பரிமாறுவதற்கு! சாம்பார் வாளி தூக்குவதை யாரும் சின்ன வேலையாக நினைக்கவில்லை.

அசனத்துல வேலை செய்யுறதும் ஊழியத்துல சேருமா?

சேரும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: அசனம் என்பது திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் ஊரே சேர்ந்து சமைத்து ஊரே சேர்ந்து சாப்பிடும் விருந்து. விடியற்காலையிலிருந்து காய் நறுக்குவார்கள். வேறு மதத்தவரும் வந்து உட்காருவார்கள். அதில் நான் கவனிப்பது ஒன்றுதான்: பந்தியில் தனி இடம், தனி இலை யாருக்கும் இருக்கக்கூடாது. நம் சபைகளுக்குள் சாதி பார்க்கும் பழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை என்பது வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை. முதல் பந்தியில் யார் உட்காருகிறார்கள், எச்சில் இலை யார் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு வருடமும் ஒரே தெருக்காரர்கள்தான் இலை எடுக்கிறார்கள் என்றால், அடுத்த வருடம் நீங்கள் எடுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு உங்களோட வர்றேன். ஆனா நோயாளிகிட்ட என்ன பேசணும்னு தெரியலையே?

ரொம்பப் பேச வேண்டாம். நாங்கள் மாதம் இரண்டு தடவை பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். போன புதிதில் பழப்பையைத் தூக்கிக்கொண்டு கட்டில் கட்டிலாக ஜெபம் பண்ணிக்கொண்டு போவோம். ஒருநாள் ஒரு பெரியவர், ‘பழம் வேண்டாம்யா, நகம் வெட்டிவிடுவியா’ என்று கையை நீட்டினார். ஒரு கை முழுக்கக் கட்டு. மறு கை நகம் வளர்ந்து உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தது. நகவெட்டி எங்களிடம் இல்லை. கீழே கடைக்கு ஓடி வாங்கிவந்து வெட்டினோம். அன்றிலிருந்து எங்கள் பையில் நகவெட்டி, சீப்பு, தேங்காயெண்ணெய், செல்போன் சார்ஜர், பிளாஸ்க் இருக்கும்.

கூட இருப்பவர்களைத்தான் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. ‘நீங்க போய்க் குளிச்சிட்டுச் சாப்பிட்டுட்டு வாங்கம்மா, ஒரு மணி நேரம் நான் உக்காந்திருக்கேன்’ என்று சொல்லிப் பாருங்கள். மருந்துச் சீட்டு வரிசையில் அவர்களுக்காக நில்லுங்கள். சாப்பாடு கொடுப்பதற்கு முன் நர்ஸிடம் கேட்பது கட்டாயம். சர்க்கரை இருக்கலாம், ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றில் வைத்திருக்கலாம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் ‘தேவ சித்தம்’ என்று சொல்லவே சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். ஜெபிக்கட்டுமா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் சரி என்று விட்டுவிடுங்கள்.

ரத்தம் கொடுக்கிறதும் காணிக்கைதானே?

ஆமாம். 18 வயது முடிந்து, எடை 45 கிலோவுக்குக் குறையாமல் இருந்தால் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. வாலிபர் ஐக்கியத்தில் ரத்த வகையோடு ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம், பெயர் சேர்த்துவிடுங்கள்.

பழைய துணி நிறைய கிடக்கு, கொண்டுவரட்டுமா?

உங்கள் அண்ணன் பிள்ளைக்குக் கூசாமல் கொடுப்பீர்கள் என்றால் கொண்டுவாருங்கள். துவைத்து, பட்டன் தைத்து, மடித்து. கிழிந்ததையும் சாயம் போனதையும் நாங்கள்தான் திரும்ப உட்கார்ந்து பிரித்துக் குப்பையில் போடுகிறோம்.

உதவி கொடுக்கும்போது போட்டோ எடுத்து குரூப்ல போட்டா, பார்த்து இன்னும் நாலு பேர் கொடுப்பாங்கல்லா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு தடவை எங்கள் குழுவே செய்த தப்பைச் சொல்கிறேன். கணவனை இழந்த ஒரு அக்காவுக்கு மளிகைப் பை கொடுத்தபோது நான்கு பேர் சுற்றி நின்று படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டோம். அது கைமாறிக் கைமாறி அவர் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. அங்கே அந்தப் பிள்ளை கேட்ட பேச்சு கொஞ்சமல்ல. அந்த அக்கா எங்களைத் திட்டவில்லை. அடுத்த மாதம் பை வாங்க வரவில்லை, அவ்வளவுதான். நான் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது ஆள் முகம் தெரிகிற படமே எடுப்பதில்லை. மூட்டையைப் படம் எடுக்கலாம், பில்லைப் படம் எடுக்கலாம். இருட்டியபிறகு ஒருவர் மட்டும் பைக்கில் போய், காய்கறி கொண்டுவந்தது போல வைத்துவிட்டு வருகிறோம்.

கொடுக்கிற காசு ஒழுங்காப் போய்ச் சேருதுன்னு எப்படி நம்புறது?

சந்தேகப்படுகிறார்களே என்று கோபப்படக்கூடிய கேள்வி இல்லை. எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த தருமப்பணத்தைக் கொண்டுபோகும்போது பவுலே, ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு எச்சரிக்கையாக இருக்கிறோம் என்று எழுதி, கூடவே சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரையும் அனுப்பினார் (2 கொரிந்தியர் 8). அவரே அப்படியென்றால் நாம் எம்மாத்திரம்?

எங்கள் முறை இது. காணிக்கையை ஒருவர் தனியாக எண்ணுவதில்லை. உறவினர் அல்லாத மூன்று பேர் மேஜையில் எண்ணி, தொகையை எழுதி, மூவரும் கையெழுத்துப் போடவேண்டும். வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து. மாதக் கணக்கு நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும். அதில் வாங்கியவர் பெயர் இருக்காது, ‘மருத்துவ உதவி, 3 குடும்பம்’ என்று மட்டும் இருக்கும். காரணம் மேலே போட்டோ பற்றிச் சொன்னதுதான். பெயரோடு உள்ள பதிவேடு தணிக்கை செய்பவரிடம் மட்டும் போகும்.

இதுக்கு வருமான வரி விலக்கு உண்டா சார்?

சபைக்குக் கொடுக்கும் தசமபாகத்துக்கும் காணிக்கைக்கும் பொதுவாகக் கிடையாது. எல்லோருக்கும் சேவை செய்யும் அறக்கட்டளை ‘80ஜி’ அனுமதி வைத்திருந்தால் அதற்குக் கொடுப்பதில் விலக்கு உண்டு. அதிலும் 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது, வங்கி வழியாக அனுப்பவேண்டும். புதிய வரித் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மூத்தவன் துபாய்ல, இளையவன் அமெரிக்கால. ரெண்டு பேரும் தரும நிதிக்கு அனுப்பணும்னு சொல்றாங்க. அனுப்பலாமா?

இருவரும் ஒரே அம்மா வயிற்றுப் பிள்ளைகள்தான், ஆனால் சட்டம் பாஸ்போர்ட்டைப் பார்க்கிறது. துபாய்க்காரர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வாங்கலாம். அமெரிக்கக்காரர் அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அவர் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை. ஊருக்கு வந்து நம் ரூபாயாகக் கையில் கொடுத்தாலும் அப்படித்தான்.

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புதான் அதை வாங்கலாம். அதுவும் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் அதற்கென்று உள்ள கணக்கில்தான் வந்து சேரவேண்டும். எங்கள் குழுவுக்கு அந்தப் பதிவு இல்லாததால் வாங்குவதில்லை. மனசு வருத்தப்படாமல், பதிவுள்ள ஒரு மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ அனுப்பச் சொல்லுங்கள்.

பிள்ளைங்களுக்குச் சாயங்காலம் டியூஷன் எடுக்க வந்தா எதுக்கு இவ்வளவு கட்டுப்பாடு? என்னைச் சந்தேகப்படுறீங்களா?

உங்களை இல்லை. ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால்தான் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு. எப்போதும் பெரியவர்கள் இருவர் இருக்கவேண்டும், கதவு திறந்திருக்கவேண்டும், பிள்ளையைத் தனியாக வண்டியில் ஏற்றிப் போகக்கூடாது, தனியாகப் பரிசு கொடுக்கக்கூடாது. ஒரு பிள்ளை தனக்கு நடந்ததைச் சொன்னால் ‘சபை மானம்’ என்று மூடி மறைக்கவே கூடாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்கலாம். இதில் கமிட்டியைக் கூட்டிப் பேசி முடிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

கொடுத்தா ஏமாத்துறாங்களே, உதவி வாங்கிட்டுப் போய்க் குடிக்கிறவனும் இருக்கானே?

இருக்கிறான். அதனால் மருத்துவமனைக் கட்டணம், பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் நேரே அங்கேயே கட்டிவிடுகிறோம். வீட்டுக்குப் பொருளாக என்றால் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் போய்ப் பேசிவிட்டு வருவார்கள். அப்படியும் ஏமாந்திருக்கிறோம். பத்துப் பேரில் ஒருவர் ஏமாற்றிவிட்டார் என்று ஒன்பது பேரைக் குறுக்கு விசாரணை செய்து அழவைக்க எனக்கு மனம் வரவில்லை. குடிக்கிறவர் வீட்டிலும் பசியோடு பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா?

நீங்க உதவி செய்யுறதே மதம் மாத்தத்தான்னு என் ஆபீஸ்ல சொல்றாங்க. என்ன பதில் சொல்ல?

உண்மையைச் சொல்லுங்கள். சரித்திரத்தை மறைக்க வேண்டியதில்லை. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் மிஷனரிமார் செய்த உதவியை அடுத்து, திருநெல்வேலியில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். அரிசிக்காகச் சேர்ந்தார்கள் என்ற பேச்சு அப்போதே எழுந்தது. அடிமைபோல நடத்தப்பட்டவர்கள் தங்களை மனிதராக மதித்தவர்களிடம் போனார்கள் என்று நான் நினைக்கிறேன். ஆனால் பசியோடு இருப்பவரிடம் நிபந்தனை வைப்பது பாவம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எங்கள் குழுவில் உதவி கேட்டு வருகிறவரின் மதத்தைப் படிவத்தில் கேட்பதில்லை. ஆராதனைக்கு வந்தால்தான் பை என்பது இல்லை. நல்ல சமாரியன் உவமையில் அடிபட்டுக் கிடந்தவன் எந்த மார்க்கத்தான் என்று யாரும் விசாரிக்கவில்லை. சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்துவிட்டு, மேலே செலவானால் வரும்போது தருகிறேன் என்று சமாரியன் போய்விட்டான். உங்கள் நண்பர்களை ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு எங்களோடு வரச் சொல்லுங்கள். வந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

வீட்ல கடன் இருக்கு, அம்மாவுக்கு மருந்து வாங்கணும். ஆனா ஊழியத்துக்குக் கொடுப்பேன்னு பொருத்தனை பண்ணிட்டேன்…

முதலில் அம்மாவுக்கு மருந்து வாங்குங்கள் தம்பி. தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதை ‘கொர்பான்’, அதாவது காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்தார் (மாற்கு 7). தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபம் சொல்கிறது. வட்டிக்கு வாங்கிக் காணிக்கை போடுகிறேன் என்று வந்த ஒருவரை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். பொருத்தனை, அதாவது கடவுளுக்கு நேர்ந்துகொண்டது, பாரமாக இருந்தால் சபை ஐயரிடம் (போதகரிடம்) போய்ப் பேசுங்கள். கூடவே அந்த மருந்துச் சீட்டை எங்களிடமும் காட்டுங்கள், தரும நிதி அதற்குத்தான் இருக்கிறது.

ஏழெட்டு வருஷமா ஓடி ஓடி சலிச்சுப் போச்சு. நன்றி சொல்றவங்களும் இல்ல, கமிட்டியில சண்டை வேற. விட்டுரலாமா?

ஆறு மாதம் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். இயேசுவும் சீஷர்களைப் பார்த்து, வனாந்தரமான இடத்தில் தனித்துச் சற்றே இளைப்பாறுங்கள் என்றார். வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் உங்களைப் பார்த்து எத்தனை நாளாயிற்று? சாவியையும் நோட்டையும் இன்னொருவரிடம் ஒப்படையுங்கள். நீங்கள் இல்லாமல் குழு நடக்குமா என்ற பயம் இருந்தால், சீக்கிரமே ஒப்படைக்கவேண்டும் என்று அர்த்தம்.

போன வருஷம் மக ஆபரேஷனுக்கு உங்ககிட்ட உதவி வாங்கினேன். நானும் கைப்பிடி அரிசி போடலாமா? யாரும் ஏதும் நினைக்க மாட்டாகளே?

மக்கெதோனியா சபையார் கொடிய தரித்திரத்தில் இருந்துகொண்டே தங்கள் திராணிக்கு மிஞ்சிக் கொடுத்தார்கள் என்று, மேலே சொன்ன அதே 2 கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில் பவுல் எழுதுகிறார். ஆகவே தாராளமாகப் போடலாம் அக்கா. வாங்கியவர் பெயர் போர்டில் வராது என்று முன்பே சொன்னேன், அதனால் எங்கள் குழுவையும் தணிக்கை செய்பவரையும் தவிர நீங்கள் வாங்கியது யாருக்கும் தெரியாது.

ஞாயிறு முதல் மணி அடிப்பதற்குமுன் வந்தால் வடக்கு வாசல் திண்ணையில் அண்டா இருக்கும். தட்டை விலக்கிக் கொட்டிவிட்டு உள்ளே போய்விடலாம். ரேஷன் அரிசியாக இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம். ஒரு தடவை கையை விட்டுக் கிளறினால் எது யார் வீட்டு அரிசி என்று எனக்கே தெரியாது.